அடுப்பில்லாத பிரம்மச்சாரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மார்வலின் முழங்காலில் ஆரம்பித்தது.

ஏப்ரலில் ஃபார்கோ ஆஸ்பத்திரிக்குப் போய் முழங்காலை மாற்றிக்கொண்டு வந்தவள், பதினாறு வயசுப் பெண் மாதிரி நடக்கிறேன் என்று தேவாலயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நொண்டுகிறாளா இல்லையா என்று நேரில் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். மார்வல் வியாழக்கிழமைகளில் எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில், அதன் பின்னால் இருக்கும் குடியேறிகள் கிராமத்தில், குல்லாயும் முன்துணியும் கட்டிக்கொண்டு வழிகாட்டியாக நிற்பவள். தனியாகப் போனால் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் எதிர்வீட்டு ஆர்லிஸைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

(நொண்டுகிறாள். இடது பக்கம். அந்த விஷயம் அதோடு முடிந்தது.)

ஆர்லிஸுக்கு எழுபத்தாறு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒவ்வொரு மே மாதமும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இதே அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. ஓட்டுநர் பேருந்தை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. வாசலில் பேருந்துக்குள்ளேயே உட்கார்ந்து முப்பத்தொரு வருடமும் கையுறை பின்னியிருக்கிறாள். அந்த வாசலிலிருந்து நூறு அடியில் தன் வீட்டு மனுஷியின் வீடு நின்றுகொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

‘சமவெளியின் மேல் காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னக் குடில் தன் தனிமையில்—’

நிறுத்திவிட்டேன். வட டகோட்டாவில் காற்று வீசுகிறது என்று எழுதுவது, தண்ணீர் ஈரமாக இருக்கிறது என்று எழுதுவது மாதிரி.

இரண்டாவது:

‘கதவைத் தொட்டதும் ஆர்லிஸின் கண்களில் நீர்—’

பொய். அவள் அழவில்லை. தும்மினாள். வைக்கோல் மெத்தையில் அவ்வளவு தூசி.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கிராமம் என்றால் ஒரு தெரு. அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய வீடுகளை லாரியில் ஏற்றி வந்து இரண்டு பக்கமும் நட்டு வைத்திருக்கிறார்கள். கொல்லன் பட்டறை, ஓர் அறைப் பள்ளிக்கூடம், மணி இல்லாத தேவாலயம். தெருவின் கிழக்குப் பக்கம், கடைசியில், பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு மரப்பெட்டி. வாசலில் பலகை: ‘பிரம்மச்சாரியின் குடில்’. உள்ளே ஒற்றைக் கட்டில். கட்டிலில் துணிக்கடைப் பொம்மை ஒன்று, மீசை ஒட்டப்பட்டு, சிவப்பு உள்ளாடையோடு உட்கார்ந்திருந்தது. அதன் கையில் ஒரு புகைக்குழாய்.

“பேர் தெரியல, பாவம்,” என்றாள் மார்வல். “தனியா வாழ்ந்து தனியாவே போயிட்டார். இதுல ஒரு விசேஷம் பார்த்தீங்களா? அடுப்பே கிடையாது! அந்தக் காலத்து ஆம்பளைங்க எவ்வளவு உறுதியா இருந்திருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க.”

“மார்வல்,” என்றாள் ஆர்லிஸ், “ஜனவரியில இங்க துப்பினா எச்சில் தரையில விழறதுக்குள்ள கல்லாயிடும். அடுப்பில்லாம எவன்டி இருந்தான்?”

“கார்டுல அப்படித்தான் போட்டிருக்கு.”

“கார்டு யார் எழுதினது?”

“கமிட்டி.”

‘கமிட்டி’ என்று எங்கள் ஊரில் சொன்னால் பேச்சு அங்கே முடிந்தது என்று அர்த்தம். ஆர்லிஸ் முடிக்கவில்லை. பொம்மையின் கையிலிருந்து புகைக்குழாயைப் பிடுங்கினாள்.

“ஐயோ, அதைத் தொடக் கூடாது!”

“கடிச்ச தழும்பு இடது பக்கம் இருக்கு பாரு. வலது பக்கம் அவளுக்குப் பல்லே கிடையாது. இது ராக்னாவோட குழாய்டி. இது ராக்னாவோட வீடு. இந்த மீசைக்காரன் யாரு, அவ கட்டில்ல உள்ளாடையோட?”

மார்வல் என்னைப் பார்த்தாள். பிறகு, இந்த ஊரில் ஒருவர் சொல்லக்கூடிய மிகக் கடுமையான வார்த்தையைச் சொன்னாள்.

“அது... கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு.”

3

ராக்னா யாரென்று சொல்லவேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அது கஷ்டம் என்றாலும்.

ராக்னா பாக்கன் ஆர்லிஸின் அம்மாவுக்குச் சித்தி. 1906இல், இருபத்திரண்டு வயதில், கல்யாணம் ஆகாமல், தன் பெயரில் நூற்றறுபது ஏக்கர் கேட்டு எழுதிப் போட்டவள். அரசாங்கம் நிலத்தைச் சும்மா கொடுத்தது. ஆனால் அந்த நிலத்திலேயே வீடு கட்டி, உழுது, ஐந்து வருடம் வாழ்ந்து காட்டவேண்டும். பக்கத்து நூற்றறுபதைக் கேட்டு வாங்கியவள் அவள் தோழி பெட்ரா லீன். ஆளுக்கொரு வீடு கட்டி, அரை மைல் தள்ளித் தனித்தனியாகப் பனியில் விறைப்பதா? இரண்டு பேரும் ஒரே வீடாகக் கட்டினார்கள். இருபதடி நீளம், சரியாக எல்லைக்கோட்டின் மேல். தரையில் குறுக்கே சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கிழக்கே ராக்னாவின் கட்டில், மேற்கே பெட்ராவின் கட்டில். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால் ஆளாளுக்கு அவரவர் நிலத்தில்தான் தூங்குகிறார்கள். சாப்பாட்டு மேஜை கோட்டின் மேல். அடுப்பு பெட்ரா பக்கம்.

அப்படி நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை.

தப்பு 1911இல் வந்தது. ஐந்து வருடம் முடிந்து பட்டா கிடைத்ததும் பெட்ரா தன் நிலத்தை விற்றுவிட்டு மேற்கே கடற்கரைப் பக்கம் போனாள்.* வாங்கியவன் தோர்வால்ட் ஃபாஸ். நவம்பர் மூன்றாம் தேதி அவன் இரண்டு குதிரையும் ஒரு ரம்பமும் கொண்டுவந்தான். தான் வாங்கிய நிலத்தின் மேல் நிற்கும் பாதி வீடு தன்னுடையது என்றான். சட்டப்படி சரி. சிவப்புக் கோட்டோடு கூரையிலிருந்து தரைவரை அறுத்தான். பாதி வீட்டைச் சறுக்குக் கட்டையில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனான், அடுப்போடு. அடுப்பில் அப்போது உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

* ஏன் போனாள்? கல்யாணமா, சண்டையா? ஆர்லிஸிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்றாம் தடவை அவள் கதவைச் சாத்தினாள்.

4

மேலே உள்ள மூன்று பகுதிகளையும் ஆர்லிஸுக்குப் படிக்கக் கொடுத்தேன். அவள் சமையலறை மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள். அப்போது மூன்றாம் பகுதியில் இந்த வரியும் இருந்தது: ‘திறந்து கிடந்த பாதி வீட்டில், போர்வையைத் தொங்கவிட்டு, தன் பிரிந்துபோன பிரியத்தை நினைத்து ராக்னா இரவெல்லாம்—’

“என்னது இது?”

“கதைக்கு ஒரு... உருக்கம் வேணுமில்ல?”

“அவ அன்னிக்கு ராத்திரி பலகை அடிச்சா. கோழிக் கூண்டைப் பிரிச்சு அந்தப் பலகையை அடிச்சா. நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா செத்திருப்பா. எனக்குப் பத்து வயசுல அவ வாயாலயே சொன்னது.”

“அப்ப பெட்ராவை அவ...”

“எனக்குத் தெரியாது. கேட்கல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதி மீசை ஒட்டுறதுக்குத்தான் கமிட்டி இருக்கே, நீ எதுக்கு?”

எடுத்துவிட்டேன். ஆனால் எடுத்தது தெரியவேண்டும் என்பதற்காக இங்கே வைத்திருக்கிறேன். கடையில் உள்ளதைக் காட்டிலும் குப்பைத் தொட்டியில் உள்ளதைப் பார்ப்பவள் நான். நீங்களும் அப்படித்தான், இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் படித்திருக்கமாட்டீர்கள்.

“சரி, ராக்னா இருந்தா என்ன வேணும்னு கேட்டிருப்பா?” என்றேன்.

ஆர்லிஸ் தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினாள். “அவ எதுவும் கேட்டிருக்கமாட்டா. அதான் பிரச்சினையே. நான் கேக்கறேன். அந்தப் பலகையில அவ பேரு வேணும். ராக்னா பாக்கன், பெட்ரா லீன். ரெண்டு பேரு, ஒரு வீடு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

5

இப்போது டெல்மர் ஃபாஸைக் கொண்டுவரவேண்டும். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. தோர்வால்டின் கொள்ளுப்பேரன், கமிட்டித் தலைவர், தேவாலயத்தில் நான்காவது வரிசை, பனி பெய்தால் விதவைகளின் வாசல் பனியைக் கேட்காமலே வாரிக்கொடுப்பவன். கதைக்கு ஒரு வில்லன் தேவை. எனக்குக் கிடைத்தது இவன். என் வாசலையும் வாரியிருக்கிறான்.

அடுத்த வாரம் ஆர்லிஸ் அவனைக் கிராமத்துக்கே வரச்சொன்னாள். சிறுவயதில் அவன் அவள் பேருந்தில் போனவன்.

“டெல்மர், இந்தச் சுவரைப் பாரு. மூணு சுவர் பழசு. நாலாவது பிளைவுட். ஏன்?”

“எண்பத்தொண்ணுல இங்க கொண்டுவந்தப்ப அந்தப் பக்கம் உளுத்துப்போன பலகையாம். மாத்தினாங்களாம், ஆர்லிஸ்.”

“கோழிக் கூண்டுப் பலகை உளுக்காம என்ன செய்யும்? சரி, இதைப் பாரு.”

பின்சுவரில் குளிருக்காக ஒட்டிய பழைய நார்வீஜியச் செய்தித்தாள்கள். பிளைவுட்டை ஒட்டிய மூலையில் ஒரு விளம்பரம்: பாலிலிருந்து ஆடை பிரிக்கும் இயந்திரம், பக்கத்தில் ஒரு பசுமாடு. மாட்டின் பின்பாதி மட்டும். வால், இரண்டு கால், பாதி மடி. வயிற்றில் ரம்பம் போன தடம்.

“நல்ல மாடு,” என்றான் டெல்மர், எச்சரிக்கையாக.

“இதோட தலை எங்கன்னு தெரியுமா?”

தெருவைக் கடந்தாள். அவன் பின்னாலேயே போனான். அவனுக்குப் பின்னால் மார்வல், நொண்டியபடி. அதற்குப் பின்னால் நான், என்னைக் கூப்பிடவில்லை என்றாலும். மேற்குப் பக்கம், நேர் எதிரே, வெள்ளையடித்து, ஜன்னலில் பூந்தொட்டி வைத்து நின்றது ‘ஃபாஸ் குடும்பத்தின் முதல் வீடு: தோர்வால்ட் ஃபாஸ் தன் கையால் கட்டியது’. பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே கறுப்பு இரும்பு அடுப்பு. பின்சுவரின் செய்தித்தாள்களுக்குக் கண்ணாடி போட்டு, ‘ஃபாஸ் குடும்பத்தினர் வாசிப்பில் நாட்டம் உள்ளவர்கள்’ என்று கார்டு வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள், மூலையில், ஒரு பசுவின் தலையும் முன்னங்காலும்.

மாடு எங்களைப் பார்த்தது.

“அந்தக் காலத்துல எல்லார் வீட்லயும் ஒரே பேப்பர்தான் வரும்,” என்றான் டெல்மர் கடைசியில்.

“வரும். எல்லார் வீட்லயும் மாட்டை ஒரே இடத்துல ரம்பம் அறுக்குமா?”

“ஆர்லிஸ், சனிக்கிழமை பித்தளைத் தகடு திறப்பு. மினியாப்போலிஸ்லேர்ந்து என் தங்கச்சி குடும்பம் வருது. எங்கப்பாவுக்கு எண்பத்தொன்பது. அவர் இந்த வீட்டைப் பத்திச் சொல்லிச் சொல்லி வளர்த்தாரு எங்களை.”

“எனக்கும் ஒருத்தி சொன்னாடா. நவம்பர்ல சுவரில்லாம இருந்ததைச் சொன்னா.”

டெல்மரின் முகம் சிவந்துவிட்டது. அது கோபமா வெட்கமா என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதமாட்டேன். இப்போதுதான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

“கமிட்டில பேசறேன்,” என்றான்.

6

கமிட்டி பேசியது. வெள்ளிக்கிழமை ஆர்லிஸின் தபால்பெட்டியில் கடிதம். (உறையை நான்தான் எடுத்துப் போய்க் கொடுத்தேன். தபால்காரர் தவறாக என் பெட்டியில் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆர்லிஸின் அக்கறைக்கு நன்றி. எல்லோருடைய நினைவுகளையும் கமிட்டி மதிக்கிறது. பிரம்மச்சாரியின் குடிலில் இருக்கும் கார்டின் கீழே ஒரு வரி சேர்க்கப்படும்: ‘பின்னாளில் செல்வி ஆர். பாக்கன் என்பவரும் இங்கே தங்கியதாகச் சிலர் கூறுவர்.’

ஆர்லிஸ் அதைச் சத்தமாகப் படித்தாள். “தங்கியதாக. சிலர். கூறுவர்.” ஒவ்வொரு சொல்லையும் வாயில் வந்த முடியை எடுப்பது மாதிரி எடுத்து வெளியே வைத்தாள். “அவ நிலம், அவ ஆணி, அவ கூரை. மீசைக்காரன் உறுதியா இருந்தானாம், இவ தங்கினாளாம், அதுவும் சிலர் சொன்னாத்தானாம்!”

எனக்கும் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: சனிக்கிழமை, கூட்டத்தின் நடுவே டெல்மர் மனம் உடைந்து, தகட்டைத் தானே கழற்றி, ஆர்லிஸின் கையைப் பிடித்து— வேண்டாம். அவன் அழுதால் எல்லோரும் அவனைத்தான் தட்டிக்கொடுப்பார்கள். அறுத்த வீட்டின் கதையிலும் நாயகன் ஃபாஸ்தான் ஆவான்.

முடிவு இரண்டு: ஊரே திரண்டு டிராக்டர் கட்டி இரண்டு பாதியையும் இழுத்து ஒட்ட, மாடு முழுதாக— இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊர் திரண்டு நான் பார்த்தது உருளைக்கிழங்கு ரொட்டி விற்கிற அன்றைக்கு மட்டும்தான்.

முடிவு மூன்று: ஆர்லிஸ் விட்டுக்கொடுத்து, ‘போகட்டும், கடவுளுக்குத் தெரியும்’ என்று—

இதைத்தான் ராக்னா செய்தாள். இதனால்தான் அங்கே மீசை உட்கார்ந்திருக்கிறது.

7

நடந்தது இது.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஃபாஸ் வீட்டின் முன்னால் நாற்பது மடக்கு நாற்காலிகள். ஆர்லிஸ் மூன்றாவது வரிசையில், தேவாலய உடையில், மடியில் பெரிய பையோடு. பக்கத்தில் நான். டெல்மர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

“எங்க கொள்ளுத்தாத்தா தோர்வால்ட், ஒண்ணுமே இல்லாத இந்த மண்ணுல, தன் ரெண்டு கையால—”

“எந்தக் கையால, டெல்மர்?” ஆர்லிஸுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தபடியே அடக்கிய குரல். “ரம்பம் பிடிச்ச கையாலயா?”

நாற்பது பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். அப்படி ஒரு சுத்தமான காலணிகள் உலகத்திலேயே இல்லை என்பது மாதிரி பார்த்தார்கள். மார்வல் எழுந்து, “காபி ரெடியா இருக்கு,” என்றாள். “எலுமிச்சைப் பலகாரம் இப்பதான் வெட்டினேன்.”

இரட்சிப்பு வந்தது மாதிரி எல்லோரும் எழுந்தார்கள். தகட்டின் மேலிருந்த துணியை யார் இழுத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மேஜையைச் சுற்றி மழையைப் பற்றிப் பேச்சு. சோயா பயிரைப் பற்றிப் பேச்சு. கிழவர் ஃபாஸின் தொப்பி நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

ஆர்லிஸ் தெருவைக் கடந்து பிரம்மச்சாரியின் குடிலுக்குள் போனாள். பையிலிருந்து ட்ரில்லை எடுத்தாள். முப்பத்தொரு வருடம் பேருந்தின் திருகுகளைத் தானே முடுக்கியவள். பிளைவுட்டின் திருகுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதல் பலகை புல்லில் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது விழுந்தபோது வீடு தெருவைப் பார்த்துத் திறந்துகொண்டது. கூரையிலிருந்து தரைவரை அறுபட்ட மரமெல்லாம் வெளியே தெரிந்தது. தரையின் விளிம்பில் சிவப்புச் சாயம், விரல்கடை அகலத்துக்கு.

மீசைப் பொம்மையைத் தூக்கிவந்து ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தாள். திரும்பிப் போய் வீட்டுக்குள் நின்றுகொண்டாள்.

டெல்மர் தன் ட்ரில்லோடு வந்தான்.

“வெளிய வாங்க, ஆர்லிஸ். தயவுசெஞ்சு. எல்லாரும் பார்க்கிறாங்க.”

“யாருடா பார்க்கிறா? ஒரே ஒருத்தரைக் காட்டு.”

அவன் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் பார்க்கவில்லை. நாற்பது முதுகுகள்.

“நீ மூடு,” என்றாள். “உங்க கொள்ளுத்தாத்தா அறுத்தாரு, நீ மூடு. நான் உள்ளதான் இருப்பேன்.”

அவன் ஒரு பலகையைத் தூக்கி நிமிர்த்தினான். தூக்கியபடியே நின்றான். அப்போது ஆர்லிஸ் அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

“நீ பார்த்தேல்ல? மாட்டைப் பார்த்தே, கோட்டைப் பார்த்தே. எல்லாத்தையும் பார்க்கிறவ நீதானே இந்த ஊர்ல. இவங்ககிட்டச் சொல்லு.”

என் கையில் ஒரு காகிதக் கோப்பை இருந்தது. மார்வல் கொடுத்தது.

யார் வீட்டுக் குளிர்பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும் நான், யார் கணவன் எந்த ஜன்னல் வழியாக எட்டிக் குதித்தான் என்று தேதியோடு சொல்லும் நான், கோப்பைக்குள் குனிந்து பார்த்தேன்.

“காபி நல்லா இருக்கு, மார்வல்,” என்றேன்.

8

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நான் பார்க்கவில்லை. பால் கலந்த காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ட்ரில் சத்தம் கேட்டது. அது திருகை உள்ளே செலுத்திய சத்தமா வெளியே எடுத்த சத்தமா என்று காதால் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். போனேன். நான் போகாமல் இருப்பேனா? இப்போது எனக்குத் தெரியும், சுவர் எப்படி இருக்கிறது, பலகையில் யார் பெயர் இருக்கிறது என்று. உங்களுக்குச் சொல்லமாட்டேன். நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவீர்கள். கெட்டபடியாக முடிந்தது என்று சொன்னால், ஐயோ பாவம் என்று ஒரு பெருமூச்சு விட்டு, அப்போதும் நிம்மதியாக மூடுவீர்கள். எங்கள் ஊரின் நாற்பது முதுகுகளுக்குப் பக்கத்தில் நாற்பத்தொன்றாவதாக ஒன்று சேர்ப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

ஏழு பக்கம் எழுதினேன். இது நான் அன்று சொல்லியிருக்கவேண்டிய ஒரே வரிக்குப் பதிலாகாது. ஆர்லிஸ் இதைப் படிக்க மறுத்துவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் திரை இறங்கியிருக்கிறது.

ஆனால் நீங்கள் மாட்டைப் பார்த்துவிட்டீர்கள். கோட்டையும் பார்த்துவிட்டீர்கள். டெல்மர் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான். அவள் உள்ளே நின்று, அவன் தோளுக்கு மேலாகப் பார்க்கிறாள். நான் குனிந்துவிட்டேன். எனக்கு அடுத்து நிற்பது நீங்கள்தான்.

உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.